கொல்லைப்புறத்து நிழல்வலைக்குள் ஆர்க்கிட்: வெயில் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இங்கேயா ஆர்க்கிட்? அது ஊட்டி, ஏற்காடு பக்கம்தானே வரும்?" எங்கள் கொல்லைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. திருச்சியில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசும். இந்த ஊரிலும் ஆர்க்கிட் வளர்கிறது, பூக்கிறது. ஆனால் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் பழகிய கையோடு அப்படியே இதைத் தொட்டால் செடி போய்விடும்.

என்னுடைய முதல் ஆறு செடிகள் அப்படித்தான் போயின. சித்திரை மாதம் ஒரு நர்சரியிலிருந்து வாங்கி வந்தேன். தென்னை நார்க்கழிவு நிறைத்த தொட்டியில் இருந்தன. வெயில் ஏற ஏற இலை சுருங்கியது, தண்டு சுருக்கம் விழுந்தது. தாகம் என்று நினைத்து ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊற்றினேன். இன்னும் சுருங்கியது. ஒரு செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே தையல் நூல் மாதிரி ஒரு இழை மட்டும் மிச்சம். பக்கத்தில் நின்ற அம்மா, "ஏண்டா, தண்ணியிலயே முக்கிக் கொன்னுட்டியே" என்றார். தண்ணீருக்கு நடுவில் இருந்தும் குடிக்க வேர் இல்லாமல் செத்த செடிகள் அவை.

அதற்குப் பிறகு செடி வாங்கப் போன வேறொரு இடத்தில், அங்கே வேலை பார்த்த பெரியவர் சொன்னதை இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். "தம்பி, இது மண்ணுல இருக்கிற செடி இல்ல, மரத்துல தொங்குறது. வேருக்குக் காத்தக் குடுங்க, தண்ணிய தரைக்கு ஊத்துங்க." கீழே நான் எழுதும் எல்லாமே இந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

முதலில் வேரைப் புரிந்துகொள்ளுங்கள்

நாம் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரக்கிளையைப் பற்றி வாழும் தொற்றுச்செடிகள். புல்லுருவி வேறு, இவை வேறு. மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறும் உறிஞ்சுவதில்லை, தங்க இடம் மட்டுமே கேட்கின்றன. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒரு உறை இருக்கும். மழை பட்டதும் அது நீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காற்றில் உலரும். உலர்ந்த வேர் வெள்ளி நிறம், நனைந்த வேர் பச்சை. தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பதைச் செடி இந்த நிறத்தில் சொல்லிவிடும். எப்போதும் ஈரத்திலேயே கிடக்கும் வேருக்கு மூச்சு முட்டும், இரண்டு மூன்று வாரத்தில் அழுகும். வெயில் காலத்தில் ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

தடித்த இலை கொண்ட பல ஆர்க்கிட்டுகள் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை உள்ளே வாங்கும். வறண்ட இடத்துத் தாவரங்களின் பழக்கம் இது. ஆகவே பகல் வெயிலைவிட, ராத்திரியும் அனல் தணியாமல் காற்று வறண்டு கிடப்பதுதான் இவற்றுக்குப் பெரிய துன்பம். சூரியன் சாய்ந்த பிறகு உங்கள் நிழல்வலைக் குடில் எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று கவனியுங்கள்.

இடமும் பந்தலும்

தொடக்கத்துக்கு 10 அடிக்கு 8 அடி போதும். மண் தரையாக இருக்க வேண்டும். சிமென்ட் தளத்திலும் மொட்டை மாடியிலும் பகல் சூடு ராத்திரி பத்து மணிவரை கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். மாடிதான் இடம் என்றால் 'வேண்டா' (Vanda) என்ற ஆர்க்கிட் வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மதிலை ஒட்டியும் போடாதீர்கள். மேற்கு வெயில் பட்ட மதில் அடுப்பு மாதிரி. குறைந்தது மூன்றடி தள்ளுங்கள்.

ஒன்றரை அங்குல ஜிஐ பைப் நான்கை இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். ஆடிக்காற்றில் வலை பாய்மரம் மாதிரி இழுக்கும், சவுக்குக் கம்பு தாங்காது. உயரம் பத்தடிக்குக் குறைய வேண்டாம். சூடான காற்று மேலே ஏறி வலை வழியாக வெளியேற உயரம் வேண்டும். ஏழடியில் போட்டால் தலைக்கு மேலேயே அனல் தேங்கி நிற்கும்.

வலையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வெயில் அதிகம் என்று, வெளிச்சத்தில் 90 சதவீதத்தை மறைக்கும் வலையை வாங்கிப் போட்டுவிடுவார்கள். செடி சாகாது. கரும்பச்சையாகக் கொழுத்து, வருஷக்கணக்கில் ஒரு பூகூட விடாமல் நிற்கும். நான் சொல்வது இதுதான்: 50 சதவீத வலை ஒன்று நிரந்தரமாக. அதற்கு ஒரு அடி கீழே கம்பி கட்டி, திரைச்சீலை மாதிரி வளையத்தில் ஓடும் இன்னொரு 50 சதவீத வலை. பங்குனியிலிருந்து ஆவணிவரை அதை இழுத்து மூடலாம், மற்ற மாதங்களில் ஒதுக்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடுவதால், கனமான ஒற்றை வலையைவிட உள்ளே குளிர்ச்சி அதிகம். கறுப்பு வலை சூட்டை இழுத்துக்கொள்ளும். பச்சை பரவாயில்லை. வெள்ளை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பக்கவாட்டு வலை விஷயத்தில் சூரியன் போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், மறைவதும் வடமேற்கில்தான். தெற்குப் பக்கம்தான் வெயில் வரும் என்று எண்ணி வடக்கைத் திறந்து விட்டவர்களுக்கு, வைகாசியில் அந்த ஓரத்துச் செடிகள் இலை வெந்து நிற்கும். மேற்கையும் வடக்கையும் வலையால் மூடுங்கள். கிழக்கைத் திறந்தே வையுங்கள், காலை வெயில் இவற்றுக்குத் தாய்ப்பால்.

வெளிச்சம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால், தொடக்கத்துக்கு ஏற்ற வகையான டென்ட்ரோபியத்துக்குச் சரியான அளவு. கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக விழுந்தால் அதிகம். நிழலே விழவில்லை என்றால் பூவை எதிர்பார்க்காதீர்கள். கூடவே இலையைத் தொட்டுப் பாருங்கள். இலை உங்கள் கையைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கே செடியை உள்ளே தள்ளி வையுங்கள், வெளுத்த தழும்பு விழுந்தபின் மாறாது.

தரைதான் உங்கள் குளிர்சாதனம்

குடிலின் தரை முழுவதும் நான்கு அங்குல உயரத்துக்கு உடைந்த செங்கல்லைப் பரப்புங்கள். கட்டுமானம் நடக்கும் இடங்களில் கேட்டால் கிடைக்கும். செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆவியாக விடும். கத்திரியில் காலை பதினோரு மணிக்கு ஒரு முறை, இரண்டரை மணிக்கு ஒரு முறை இந்தத் தரையை நனையுங்கள். செடியை நனைக்க வேண்டாம், தரையை மட்டும். மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ, அதே வேலையைத்தான் இந்தச் செங்கல் செய்கிறது. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் தொங்குகிறது. மே மாத மத்தியானத்தில் வெளியே 30 சதவீதம் காட்டுவது, தரையை நனைத்த கால் மணி நேரத்தில் உள்ளே ஐம்பதைத் தாண்டுவதைப் பார்க்கிறேன்.

புகைபோல நீர் தெளிக்கும் நாசில்களைச் சிலர் சொல்வார்கள். நம் ஊர் போர்த் தண்ணீரில் அவை ஒரே மாதத்தில் உப்பு அடைத்து நின்றுவிடும், இலையெல்லாம் வெள்ளை படியும். செங்கல் தரையே போதும். அந்தப் பணத்தில் ஒரு மின்விசிறி வாங்கி, மழை படாத மூலையில் வைத்து, காற்று இல்லாத புழுக்க நாட்களில் ஓட விடுங்கள். ஈரமான காற்று தேங்கி நின்றால் அழுகல், அசைந்தால் நலம்.

எந்தச் செடியில் தொடங்குவது

டென்ட்ரோபியத்தில். இரண்டாவது யோசனையே வேண்டாம். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பார்க்கிறோமே, அதுதான். சோனியா என்ற கலப்பு வகை எளிதாகக் கிடைக்கும். இவற்றின் மூதாதைகளில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் நியூகினியிலும் வளர்வது, அதனால் சூடு இதற்குப் புதிதல்ல. கரும்பு மாதிரித் தண்டில் நீரைச் சேமித்து வைக்கும், ஒரு நாள் நீங்கள் மறந்தாலும் மன்னிக்கும்.

அடுத்தது வேண்டா. பெயரே வடமொழியிலிருந்து தாவரவியலுக்குப் போனது. வெயிலை விரும்பும், ஆனால் தினமும் தண்ணீர் கேட்கும். ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒத்து வராது. மூன்றாவதாக, தரையில் மண்ணிலேயே வளரும் ஸ்பாத்தோகுளோட்டிஸ். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதைக் கொடுத்துப் பழக்குங்கள்.

படங்களில் பார்க்கும் பட்டாம்பூச்சிப் பூ, ஃபெலனாப்சிஸ், பலருக்கும் முதல் ஆசை. அதை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளுங்கள். வளரும், ஆனால் இரவு வெப்பம் இறங்காமல் பூந்தண்டு விடாது. நம் ஊரில் அதற்கான காலம் மார்கழி, தை மட்டுமே. சிம்பிடியம் மலைக்குளிர் கேட்கும் செடி. சமவெளிக்காரர்கள் அதில் காசைப் போட வேண்டாம்.

வாங்கும் மாதம் ஆவணி, புரட்டாசி, அல்லது தை. சித்திரையில் லாரியிலும் பார்சலிலும் வெந்து வரும் செடியைப் பிழைக்க வைப்பது அனுபவசாலிக்கே கடினம். பூவைப் பார்த்து வாங்காதீர்கள். தொட்டியின் ஓட்டை வழியாக வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்க்கிறதா, அடித்தண்டை விரலால் அழுத்தினால் கல்லுப்போல இருக்கிறதா என்று பாருங்கள்.

காட்டிலிருந்து கொண்டுவந்ததாக யாராவது விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். வனத்திலிருந்து பறிப்பது குற்றம். நம் சமவெளியின் வறண்ட மரங்களிலேயே வேண்டா டெசலேட்டா என்ற அழகான நாட்டு ஆர்க்கிட் உண்டு. பழுப்பில் கட்டம் போட்ட இதழும் ஊதா உதடும் கொண்ட வாசனைப் பூ. காட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசை இருந்தால் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் ஏற்காட்டில் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். இந்தச் செடிகளைக் காட்டில் விட்டுவைக்க வேண்டும் என்று அங்கே மனதில் பதியும்.

தொட்டி மாற்றுதல்

நர்சரியிலிருந்து வந்த செடி நார்க்கழிவிலோ பாசியிலோ இருந்தால், பூ முடிந்ததும் மாற்றிவிடுங்கள். குளிர்ந்த கூடாரத்துக்கு அது சரி, தினமும் தண்ணீர் ஊற்றும் நமக்குச் சகதி.

வேண்டியவை அடுப்புக்கரியும் ஓட்டாஞ்சில்லும்தான். எலுமிச்சை அளவுத் துண்டுகளாக உடைத்து, கரியை ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள், தூசி போக அலசுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம் சேர்க்கலாம். அதை நாலு நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, கறை இறங்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதிலும் உப்பு இருக்கும், இரண்டு வருஷத்தில் மக்கியும் போகும்.

செடியைக் கவிழ்த்துப் பழைய கலவையை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வேர் ஒவ்வொன்றையும் இரு விரலால் பிடித்துப் பாருங்கள். கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, பிசுபிசுத்தும் உள்ளே காலியாகவும் இருப்பதை நெருப்பில் காட்டி ஆற வைத்த கத்தரியால் வெட்டுங்கள். ஒரு நாள் நிழலில் காய விடுங்கள். தொட்டி சிறியதாக இருக்கட்டும், வேர்க்கூட்டத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும். பக்கங்களிலும் ஓட்டை வேண்டும். பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும் புதுத் தளிர் நடுவைப் பார்த்தும் இருக்குமாறு வைத்து, சுற்றிலும் கரியைச் செருகுங்கள். தண்டின் அடி கரிக்கு மேலேயே நிற்க வேண்டும், புதைத்தால் அழுகும். ஒரு குச்சி நட்டு, பழைய பருத்தித் துணிக் கிழிசலால் ஆடாமல் கட்டுங்கள். ஆடும் செடியில் புது வேர் நுனி உரசி உரசி ஒடியும். இலை இல்லாத பழைய தண்டைக் காய்ந்தது என்று வெட்டிவிடாதீர்கள். பச்சை இருக்கும்வரை அதுதான் செடியின் தண்ணீர்க் குடம். சில சமயம் அதிலிருந்தே பூவும் வரும், குட்டியும் முளைக்கும்.

வேண்டாவுக்குக் கலவையே தேவையில்லை. காலிக் கூடையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் வேர் தானாகக் காற்றில் இறங்கும்.

தண்ணீர்

ஊற்றும் நேரத்துக்கு முன்னால் தண்ணீரின் தரம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். 200க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 500வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வேர் நுனி கருகும், இலை நுனி பழுப்பாகும். எங்கள் தெருப் போர்த் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுகிறது, அதைத் தரைக்கு மட்டும் ஊற்றுகிறேன். செடிக்கு மழைத் தண்ணீர், அது தீர்ந்தால் ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதையும் சேர்த்து வைக்கலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் மட்டும் கூடவே கூடாது. உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

குடிலுக்குள் நிழலில் ஒரு சிமென்ட் தொட்டி வைத்து நிரப்பி வையுங்கள். கொசு வராமல் இருக்க நாலு கப்பி மீன் விட்டால் போதும். மாடித் தொட்டியிலிருந்தும் வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பிலிருந்தும் மத்தியானம் வருவது வெந்நீர். அதை நேராகச் செடிக்குக் காட்டிவிடாதீர்கள்.

காலை ஆறிலிருந்து ஏழுக்குள் வேர் முழுவதும் பச்சையாகும்வரை ஊற்றுங்கள். ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு முறை. முதல் முறையில் பஞ்சு உறை விழித்துக்கொள்ளும், இரண்டாவதில் நிறையக் குடிக்கும். கத்திரியில் மாலை நான்கரை மணிக்கு வேர் வெள்ளியாகத் தெரிந்தால் இன்னொரு தடவை. இருட்டுவதற்குள் இலையிடுக்கு காய்ந்துவிட வேண்டும். வேர் இன்னும் பச்சையாக இருந்தால், எவ்வளவு வெயிலாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தொங்கும் வேண்டாவுக்கு மட்டும் இந்த நாட்களில் மூன்று வேளை.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 உரம், லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை, வேரை வெறும் தண்ணீரில் நனைத்த பிறகு. கத்திரியில் அரை கிராம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவி விடுங்கள்.

வெயில் காலத்து வியாதிகள்

இலையின் அடிப்பக்கம் வெள்ளித் தூசி படிந்தது போல மினுங்கினால் செம்பேன். வறண்ட காற்றில்தான் பெருகும். வாரம் இரண்டு முறை காலையில் இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி ஒழியும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் மட்டும். எண்ணெய் படிந்த இலையில் வெயில் பட்டால் வெந்துவிடும். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் தண்டு மடிப்பில் ஒளியும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள்.

இலையில் தண்ணீர் கோத்த கொப்புளம் போலத் தோன்றி, தொட்டால் கொழகொழத்து நாறினால் பாக்டீரியா அழுகல். ஒரே ராத்திரியில் நடுக்குருத்துவரை போகும். யோசிக்காமல் நல்ல பகுதியில் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தடவி, மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் தனியாக வையுங்கள். பட்டைப்பொடி வேரில் படக்கூடாது, அதையும் உலர்த்திவிடும்.

மொட்டு விட்ட செடி ஆடிக்காற்றில் மொட்டை உதிர்த்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், காற்று வறட்சிதான். மேற்கு ஓரத்தில் ஒரு சாக்குப் படுதாவைக் கட்டி நனைத்து வையுங்கள். மறுகொத்து நிற்கும்.

ஆவணி கடைசியில் உள்வலையை ஒதுக்க ஆரம்பிக்கலாம். ஒரேயடியாக வேண்டாம். முதல் வாரம் காலை ஒன்பதுவரை, அடுத்த வாரம் பத்தரைவரை என்று பழக்குங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் தரைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நத்தைக்கு மட்டும் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். புது வேர் நுனிதான் அதற்கு விருந்து. கழற்றிய வலையைக் கழுவிக் காய வைத்து, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பங்குனியில் அதுவே மறுபடி வேண்டும்.